வாயில் வைக்காத கச்சான் (நிலக்கடலை) எப்படிப் பகையானது?

திருநெல்வேலித் தாய்:
எனது இளைய மகளுக்கு இரண்டாம் மாதத்திலேயே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பன் தொடங்கிவிட்டது. "கச்சான், இறால், நண்டு எல்லாம் தோல் வருத்தத்தைக் கூட்டும் கிரந்திச் சாப்பாடு, பிள்ளையின் கண்ணிலும் காட்டாதே" என்று மாமி சொன்னதை நான் மீறவில்லை. ஆனால் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விற்பதற்காக எங்கள் வீட்டு விறாந்தையில் நாள் முழுவதும் கச்சான் வறுத்துத் தோல் புடைத்ததையும், அந்தக் கையோடுதான் எல்லோரும் பிள்ளையைத் தூக்கினார்கள் என்பதையும் நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பதினான்காம் மாதத்தில் தமையன் ஊட்டிய சிறு துண்டு கச்சான் அல்வாவில் உதடு வீங்கி, உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பின்னரே முகம் தெளிந்தது.

ஒருநாளும் தின்னாத பொருள் எப்படி ஒவ்வாமல் போகும் என்று கேட்டேன். வாயால் தின்னாவிட்டாலும் தோல் அதை ஏற்கெனவே சந்தித்திருக்கலாம் என்றார் மருத்துவர். கரப்பனால் வெடித்த தோல் வழியே நுழையும் கச்சான் புரதத்தை உடல் பகையாகப் பதிந்து, அதற்கெதிராக ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி வைக்கிறது. அதே புரதம் குடல் வழியே சிறுவயதிலிருந்து வந்தால், பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. கச்சான் எண்ணெய் கலந்த பூச்சுகளைக் குழந்தைகளின் தோலில் பூசியதற்கும் பின்னர் வந்த கச்சான் ஒவ்வாமைக்கும் தொடர்பு உண்டென்று கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழு 2003இலேயே பிரித்தானியாவில் காட்டியிருக்கிறது. தாய் கர்ப்பகாலத்தில் கச்சான் தின்றதற்கு அப்படியொரு தொடர்பு தெரியவில்லையாம். (பழியைத் தாயின் வாய்மேல் போடும் வழக்கம் நம்மிடமும் உண்டு.)

குருநகர்க்காரர்:
எனது கதை மூக்கு வழியானது. நண்டு அவித்துச் சதை எடுக்கும் இடத்தில் மூன்று வருடம் வேலைக்கு நின்றேன். முதலில் தும்மலும் கண்கடியும், பிறகு வேலைநாட்களில் மட்டும் முட்டு (மூச்சிழுப்பு). ஆவியோடு பறக்கும் நண்டுப் புரதத்தை மூச்சில் எடுத்ததே காரணமாம். கனடாவின் நண்டுத் தொழிற்சாலைகளில் 1980களிலேயே இதனைக் கண்டறிந்திருக்கிறார்கள். சிறுவயது முதல் கூழில் நண்டு போட்டுக் குடித்து வளர்ந்த எனக்கு, இப்போது ஒரு நண்டுக் கால் கடித்தாலும் நாக்குத் தடிக்கிறது. பேக்கரியில் கோதுமை மாத் தூசியால் முட்டு வந்த எனது நண்பரோ இன்றைக்கும் பாண் சாப்பிடுகிறார். எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

கொக்குவில் மருந்தாளர்:
அக்கா, கரப்பன் உள்ள பிள்ளையைப் பயற்றம் மா தேய்த்துக் குளிப்பாட்டுவோர் நம்மிடையே இன்றும் பலர். உண்ணும் பொருளை வெடித்த தோலில் தேய்ப்பதை நான் தடுத்தே வருகிறேன். யப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சவர்க்காரம் ஒன்றைப் பாவித்த 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்து, 2011இல் அதனைச் சந்தையிலிருந்து மீளப் பெற்றார்கள். அவர்கள் அதுவரை கோதுமையைத் தடையின்றி உண்டவர்கள்.

கோண்டாவில் அம்மம்மா:
இலண்டனிலுள்ள எனது பேரனுக்கு ஆறாம் மாதத்திலேயே கச்சான் கொடுக்கச் சொன்னபோது நான் மகளோடு சண்டை பிடித்தேன். 2015இல் வெளியான ஆய்வொன்றை அவள் காட்டினாள். கடுமையான கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளில், கச்சானைத் தவிர்த்தவர்களில் 17.2 வீதத்தினருக்கும், உண்டு வந்தவர்களில் 3.2 வீதத்தினருக்குமே ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை இருந்தது. ஆயினும் அந்த ஆய்வாளர்களும் முதலில் தோலில் குத்திப் பரிசோதித்த பின்பே கொடுத்தார்கள். முழுக் கச்சான் புரைக்கேறும், களியாக அரைத்தே கொடுக்க வேண்டும்.

திருநெல்வேலித் தாய்:
நன்றி அம்மா. அடுத்த பிள்ளை ஐப்பசியில் பிறக்கவிருக்கிறது. அதற்கும் கரப்பன் வந்தால், பரிசோதனைக்குப் பிறகே கச்சான் கொடுப்பதென்று மருத்துவரோடு பேசி வைத்திருக்கிறேன். வறுக்கும் தாச்சி இப்போது பின்வளவுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. மாமி சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் பேத்தியைத் தூக்குவதில்லை. தூக்கியதும், "கச்சான் கிரந்தி என்று நான் அப்போதே சொன்னேனே" என்கிறார்.