ஜாஸ் பாண்டு சேர்ந்த கதை: உங்க அனுபவம் எப்படி?

பாடகி, சென்னை:

சர்ச் கொயரில் ஆல்டோ பாடிக்கொண்டிருந்தவள் நான். ஜாஸ் பக்கம் வந்த பிறகு, பாடக் கற்றுக்கொள்வதைவிடக் கூட வாசிக்க ஆள் பிடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கிடார்காரர்களுக்கு நம்ம ஊரில் பஞ்சமே இல்லை. பேஸ், அதாவது அடி ஸ்வரங்களுக்கான கிடார், வாசிப்பவர்தான் அகப்படமாட்டார். அகப்பட்டாலும் ஏற்கெனவே மூன்று குழுக்களில் இருப்பார், முகூர்த்த நாள் என்றால் ரிசப்ஷன் கச்சேரிக்குப் போய்விடுவார். அதனால் முதலில் நான், ஒரு பியானோ, ஒரு டிரம்ஸ் என்றுதான் உட்கார்ந்தோம்.

டிரம்ஸ் தம்பி ராக் வாசித்து வளர்ந்தவர். அவர் குச்சியைத் தூக்கினாலே என் குரல் காணாமல் போய்விடும். "குச்சிக்குப் பதிலா மெதுவாத் தேய்க்கிற பிரஷ் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை. அடுத்த முறை வாங்கிக்கொண்டு வந்தார். இடது கை பிரஷ்ஷை ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் தோல் மேல் வட்டமாகத் தேய்த்தபடி, வலது கையால் மட்டும் மெல்லத் தட்ட ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகக் கத்தாமல் பாடினேன்.

அடுத்த சண்டை சுருதிக்கு. எல்லோரிடமும் இருக்கும் ஜாஸ் நோட்ஸ் புத்தகங்கள் பெரும்பாலும் கருவி வாசிப்பவர்களின் வசதிக்கானவை. எரல் கார்னர் 1954-ல் இசையமைத்த 'மிஸ்டி' அதில் இ ஃபிளாட்டில் இருக்கும், நம்ம கணக்கில் இரண்டரைக் கட்டை. என் குரலுக்கு அது ஆறரைக் கட்டை பி ஃபிளாட்டில், கீழ் ஸ்தாயியில் இருந்தால்தான் சொகுசு. மனப்பாடமாக வாசிப்பவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும். சுருங்காதவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். அதுதான் என் ஆடிஷன்!

கீபோர்டு, மெல்லிசைக் குழு:

அக்கா, முகம் சுருங்காததற்குக் காரணம், விரலை மாற்றாமலே சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டன்! நாங்களெல்லாம் அதை வைத்துத்தான் பிழைக்கிறோம். நான் சேர்ந்தது வேறொரு பாடகியோடு. மேடையில் அவர் விரலால்தான் சுருதி சொல்வார். கீழ்நோக்கி இரண்டு விரல் என்றால் பி ஃபிளாட், மூன்று என்றால் இ ஃபிளாட், மேல்நோக்கிக் காட்டினால் ஷார்ப். தலையைத் தட்டிக் காட்டினால் பாட்டின் ஆரம்பத்துக்குத் திரும்பு என்று அர்த்தம். முதல் நாள் அவருக்குத் தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு விஷயம். மெல்லிசையில் ரெக்கார்டில் இருக்கிற இன்டர்லூடை அச்சு அசலாகக் கொண்டுவந்தால் கைதட்டல். இங்கே அந்த அம்மா ஒவ்வொரு வரியையும் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாடுவார். பாவம், தவறவிட்டுவிட்டார் போல என்று நான் அவருக்காக வேகத்தைக் குறைப்பேன். அவர் இன்னும் பின்னால் போவார், நான் இன்னும் குறைப்பேன். பாட்டு படுத்துவிடும். கடைசியில் பேஸ் வாசித்த அண்ணன்தான், "நீ நிக்காதடா, அவங்க வந்து சேர்ந்துக்குவாங்க" என்றார். நான் நிற்காமல் போனேன், அவரும் எட்டாவது பாரில் (தாளச் சுற்றில்) கச்சிதமாக வந்து இறங்கினார். அதற்கப்புறம்தான் "அடுத்த வாரமும் வா" என்று கூப்பிட்டார்கள்.

இன்னொன்று: பேஸ் வந்த பிறகு கீபோர்டுக்காரர் இடது கையை அடக்க வேண்டும். கீழ் ஸ்வரங்களில் இரண்டு பேரும் உருட்டினால் ஒன்றும் கேட்காது. சொல்ல எளிது.

ரிட்டயர்டு வங்கி ஊழியர், முன்னாள் கொல்கத்தாவாசி:

நான் வாசிப்பவன் இல்லை, கேட்பவன். 70-களில் வேலை கொல்கத்தாவில். சம்பள நாளில் பார்க் ஸ்ட்ரீட் புளூ ஃபாக்ஸ் உணவகத்துக்குப் போவோம். பாடியது பாம் கிரெய்ன். பியானோவில் லூயிஸ் பேங்க்ஸ், சாக்ஸபோனில் கோவாக்காரர் பிராஸ் கொன்சால்வெஸ். பேங்க்ஸ் டார்ஜிலிங்கில் பிறந்த நேபாளி. காத்மாண்டு ஹோட்டலில் வாசித்துவிட்டு வந்தவர். மூன்று பேரும் மூன்று திசை.

நீங்கள் எல்லாம் ஆள் தேடி அலைகிறீர்கள். அங்கே உணவகமே பாண்டுக்குச் சம்பளம் கொடுத்தது. ராத்திரிக்கு ராத்திரி அதே மேடை, அதே ஆட்கள். பாம் மூச்சு இழுக்கும் இடம் பிராஸுக்குத் தெரியும், அந்த இடைவெளியில் சாக்ஸ் ஒரு சின்னப் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். ஒத்திகை போட்டு வருவதா அது? என் அபிப்பிராயம், தினசரி மேடை போனதோடு பாதி ஜாஸும் போயிற்று. பிறகு ஆர்.டி. பர்மன் கூப்பிட்டு பேங்க்ஸ் பம்பாய்க்குப் போனார்.

சென்னையிலும் இல்லாமல் இல்லை. உஷா உதுப் 1969-ல் புடவையோடு பாட ஆரம்பித்தது மவுண்ட் ரோடு நைன் ஜெம்ஸ் கிளப்பில்தானே! அதை ஜாஸ் என்பீர்களா என்று சண்டைக்கு வராதீர்கள்.

டிரம்ஸ், பெங்களூரு:

சார் சொல்வதற்கு அமெரிக்காவிலும் உதாரணம் உண்டு. 'எல்லா' ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பாடகி 1934-ல் ஹார்லெம் அப்பல்லோ தியேட்டர் போட்டியில் ஜெயித்தார். அவரைத் தன் பாண்டில் சேர்த்துக்கொண்டது டிரம்ஸ் வாசித்த சிக் வெப். பாண்டு ஏற்கெனவே சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கில் நிலைத்திருந்தது. 1939-ல் வெப் இறந்த பிறகுதான் அது எல்லாவின் பெயருக்கு மாறியது. எங்கள் டிரம்ஸ் ஜாதியை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

பாடகி, சென்னை:

சார், தினசரி மேடைக்கு எங்கே போவது! எங்களுக்கு மாதம் ஒரு கஃபே கிடைத்தாலே பெரிய விஷயம், அதிலும் பாதி நாள் சம்பளம் சாப்பாடுதான். எங்கள் பேஸ்காரர் இந்த மாதம் துபாய் கிளம்புகிறார். அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆம்ப் என்னிடம் இருக்கிறது, கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.