மறு: பாலிஹைட்ராம்னியாஸ் – ‘நீர்மிகை’ மட்டும் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கருவுற்ற தாய்மார்களுக்கான கையேடு நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். மூன்று நாளாகப் பேசியும் ‘பாலிஹைட்ராம்னியாஸ்’, அதாவது வயிற்றில் குழந்தையைச் சுற்றியுள்ள நீர் அளவுக்கு மீறுவது, என்ற இந்த ஒரு சொல்லுக்கான தமிழின் இடம் காலியாகவே இருக்கிறது. வந்த மடல்களை எல்லாம் மறுபடி படித்துவிட்டு எழுதுகிறேன்.

> ‘நீர்மிகை’ என்றே வைத்துவிடலாம். ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். எதிர்ச்சொல் ‘நீர்க்குறை’யும் கூடவே கிடைத்துவிடுகிறது.

மிகை, குறை என்ற இணையை நானும் ஏற்கிறேன். என் தயக்கம் ‘நீர்’ மீதுதான். கர்ப்பிணியின் காதில் அது பல இடத்து நீர்: காலில் கோத்த நீர், சிறுநீர், குடிக்கும் நீர். ‘நீர்மிகை’ என்று படித்தவர் அன்றைக்கே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். ஆனால் நாம் சொல்லும் நீர் குழந்தையைச் சுற்றியிருப்பது. கர்ப்பத்தின் பிற்பாதியில் அதில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். குழந்தையே அதை விழுங்கவும் செய்கிறது. உணவுக்குழலில் அடைப்பு இருந்து விழுங்க முடியாமல் போனாலோ, தாயின் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் குழந்தை அதிகம் சிறுநீர் கழித்தாலோ, கணக்கு ஏறிவிடுகிறது. காரணமே பிடிபடாத கர்ப்பங்களும் நிறைய. அதனால் நீர் எங்கே மிகுந்தது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். அந்த நீரைத் தாங்கும் பையைக் குறிக்கும் ‘குடம்’ இல்லாத எந்தச் சொல்லும் எனக்குச் சரியாகப் படவில்லை.

> பல் + நீர் = பன்னீர். ‘பாலி’ என்றால் பல, ‘ஹைட்ர’ என்றால் நீர். ஆக ‘பன்னீர்க்குடம்’ அச்சு அசலான மொழிபெயர்ப்பு!

படித்ததும் எனக்கும் உற்சாகம் வந்தது. புணர்ச்சியில் பிழையே இல்லை. ஆனால் பன்னீர்க்குடம் எல்லாத் தாய்க்கும் உண்டு. ‘பன்னீர்க்குடம் உடைஞ்சிருச்சு’ என்றால் நீர் அதிகம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தவிர, கிரேக்க ‘பாலி’ எண்ணிக்கைக்கும் அளவுக்கும் பொதுவாக வரும். நம் ‘பல்’ எண்ணிக்கைக்கே உரியது. பனிநீர்தான் பன்னீர் ஆனதா, ‘பனித்தல்’ என்ற வினையிலிருந்து பனிக்குடம் வந்ததா என்ற கிளை விவாதத்தைத் தனி இழையில் தொடருங்கள், நானும் வருகிறேன்.

> உறு, தவ, நனி மூன்றும் மிகுதி குறிப்பவை என்பது தொல்காப்பியம். ‘நனிநீர்க்குடம்’ என்று ஆக்கலாம். வழங்க வழங்கப் பழகிவிடும்.

பழகும்தான், வகுப்பறையில். ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து நிற்பவருக்குப் பழக நேரம் ஏது? நான்கு கால்பகுதிகளில் அளந்த நீரின் ஆழத்தைக் கூட்டினால் 24 அல்லது 25 செ.மீ. வருகிறது, அல்லது ஒரே இடத்தில் ஆழம் 8 செ.மீ.யைத் தொட்டுவிட்டது என்று அறிக்கை சொல்லும். குறைமாதப் பிரசவம் ஆகலாம், குடம் உடையும்போது தொப்புள்கொடி முன்னால் நழுவலாம் என்பதை எல்லாம் அடுத்த பத்தியிலேயே அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் தலைப்பே புதிராக இருக்கக் கூடாது.

‘குடநீர்மிகை’ என்று சுருக்கச் சொன்னவருக்கு: ஒரு மேல்விலங்கு தவறி ஏறினால் ‘குடிநீர்மிகை’. அச்சுப்பிழையில் நாம் பட்டது போதும். ‘நிறைகுடம்’ அழகான சொல், ஆனால் வாழ்த்து போல ஒலிக்கிறது.

ஆகவே ‘பனிக்குட நீர்மிகை’ என்று போடுகிறேன். எட்டுப் பேரில் ஐவர் சரி என்றிருக்கிறார்கள், அதில் இருவர் ‘ஏதாவது ஒன்றைப் போடுங்கள்’ என்றவர்கள். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பாலிஹைட்ராம்னியாஸ்’ அடைப்புக்குறிக்குள் இருக்கும், மருத்துவர் வாயில் அவர்கள் கேட்கப்போவது அதுதான். நனிநீர்க்குடத்துக்காரர் இன்னும் உடன்படவில்லை. அவர் சொல்லைச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகச் சேர்த்திருக்கிறேன்.

இதற்கு எதிரான ‘ஒலிகோ’வுக்கு (ஒலிகோஹைட்ராம்னியாஸ், அதே நீர் குறைந்துபோவது) ‘பனிக்குட நீர்க்குறை’ சரிதானே? மாற்றம் இருந்தால் நாளை மதியத்துக்குள் எழுதுங்கள்.