ஒரே இழுப்பில் தேறிவிடுமா?

மஸ்கெலியா மாமா:
நேற்று இங்கே ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். 12 வயது மகன், மரம் அறுக்கும் மிசினான செயின் சோவின் கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டானாம். தோட்டத்து லயன் வீட்டுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் சவுக்கு மரத்தை இனி அவனே அறுப்பானாம். படித்ததிலிருந்து எனக்குத் தேத்தண்ணீர் இறங்கவில்லை. கயிறு இழுக்கத் தோளில் பலம் இருந்தால் போதும். அறுக்க என்ன வேண்டும் என்று இவருக்குத் தெரியுமா?

ஊவாக்காரன்:
எழுதியது நான்தான். நேராகவே திட்டலாம். 11 வயதில் அப்பாவோடு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் நான். பத்து விரலும் இருக்கிறது, வந்து எண்ணிப் பாருங்க. கயிறு இழுக்க முடியாதவன் மிசினைத் தாங்க மாட்டான். இழுப்பவன் தாங்குவான். அவ்வளவுதான் கணக்கு.

மஸ்கெலியா மாமா:
கவ்வாத்துக் கத்தி நீங்கள் வீசினால்தான் வெட்டும். இது அப்படியில்லை. சங்கிலி ஓடுகிற வாளின் நுனி மூக்கு, அதிலும் மேல்பக்கம், எதிலாவது முட்டினால் போதும், மிசின் முகத்தைப் பார்த்து எகிறும். கையை இழுக்க நேரம் இருக்காது. சரி, அதை விடுங்க. கயிற்றை எப்படி இழுத்தான்? கையில் தூக்கிப் பிடித்தா, தரையில் வைத்தா?

ஊவாக்காரன்:
தூக்கிப் பிடித்துத்தான். இங்கே எல்லாரும் அப்படித்தானே!

மஸ்கெலியா மாமா:
வந்துவிட்டது பாருங்க! தரையில் வைத்து, சங்கிலி ஓடாமல் பிடிக்கும் செயின் பிரேக்கைப் போட்டு, பின்பிடிக்குள் சப்பாத்து முனையை நுழைத்து மிதித்து, முன்பிடியை இடக்கையால் அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். தகப்பனுக்கே கயிறு இழுக்கத் தெரியவில்லை, மகனைப் பாஸாக்குகிறார்.

தலவாக்கலை டீச்சர்:
வயதைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். இலங்கையில் 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது. ஆபத்தான வேலை என்றால் 18.

ஊவாக்காரன்:
டீச்சர், என் பிள்ளைக்கு நான் என்ன வேலைக்குப் பேர் பதிந்து சம்பளமா கொடுக்கிறேன்?

தலவாக்கலை டீச்சர்:
சம்பளம் இல்லாமல் கால் போனால் பரவாயில்லையா?

ராகலைப் பொடியன்:
விழுந்த சவுக்கு தரையில் படிந்து கிடக்கிறதா, சரிவில் வளைந்து விறைத்துக் கிடக்கிறதா? தப்பான பக்கம் அறுத்தால் வாளைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் இன்னொன்று. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டுக் கோத்தகிரிக்குப் போன எங்கள் தாத்தா வீட்டார் சவுக்கு என்றால் வேறு மரம் என்கிறார்கள்.

மஸ்கெலியா மாமா:
அங்கே வேறு மரம்தான். இங்கே தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரெவிலியாவுக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் தம்பி, பேச்சு மரம் இல்லை, கயிறு.

ராகலைப் பொடியன்:
மரம் அறுக்கிற பேச்சில் மரம் பேசக்கூடாதா மாமா?

ஊவாக்காரன்:
மாமாவுக்கு அது பிடிக்காது. மரக் கொந்தராத்து எடுத்த காலத்தில் எத்தனை பொடியன்களை வைத்து வேலை வாங்கினார் என்று கேளுங்க.

மஸ்கெலியா மாமா:
வாங்கினேன். கிளை இழுக்க வைத்தேன். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி ஒயில் என்று கலக்கப் பழக்கினேன். சங்கிலிப் பல்லுக்கு அரம் போட வைத்தேன். இரண்டு வருடம் அதுதான் வேலை. கயிற்றில் கை வைக்க விடவில்லை.

ஊவாக்காரன்:
அப்படியா! பிள்ளைகள் பெற்றோல் கலக்கலாம், அறுக்கத்தான் கூடாது.

மஸ்கெலியா மாமா:
பிள்ளைகள் என்று யார் சொன்னது? எல்லாரும் மீசை முளைத்தவர்கள்.

தலவாக்கலை டீச்சர்:
மீசை எத்தனை வயதில் முளைத்தது மாமா?

மஸ்கெலியா மாமா:
டீச்சர், கயிற்றைப் பற்றிப் பேசுங்க. அரம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. தைப்பொங்கலுக்கு முன்னால் ஊவாக்காரர் இரவல் வாங்கிய என் உருண்டை அரம் இன்னும் வீடு திரும்பவில்லை.

ஊவாக்காரன்:
அந்தத் தேய்ந்த அரத்துக்கா இவ்வளவு நீளக் கதை? பல்லில் வைத்தால் வழுக்குகிறது.

மஸ்கெலியா மாமா:
அதாவது, மொட்டைச் சங்கிலியைத்தான் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறீர்கள்!

ஊவாக்காரன்:
சங்கிலிக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.