காயம்பட்ட தோலில் ஜிஏபிடிஎச் நிலையாக நிற்கவில்லை. எந்த ரெஃபரன்ஸ் ஜீனை நம்புவது?

கல்லிடைக்காரி:

அண்ணாச்சி, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு லேபில் மூன்றாம் வருஷ பிஎச்டி. வெட்டுக்காயப் பூண்டுச் சாறு தடவினால் எலியின் தோல் காயம் எப்படி ஆறுகிறது என்பதுதான் என் வேலை. கல்லிடைக்குறிச்சியில் எங்க ஆச்சி, அறுப்பில் அரிவாள் பட்டுவிட்டால் வரப்பில் கிடக்கிற அந்தத் தழையைத்தான் கசக்கிப் பிழிவாள். அதனால் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிற ரியல்டைம் பிசிஆர் மெஷின் எங்களிடம் கிடையாது. தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ஆர்என்ஏவிலிருந்து செய்த சிடிஎன்ஏவை எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறணும். வாரத்துக்கு ஒரு நாள்தான் மெஷின் கிடைக்கும்.

7ஆம் நாள் காயத்தில், சாறு தடவிய எலிகளுக்குக் கொலாஜன் 1ஏ1 இரண்டு மடங்கு கூடியிருப்பதாகக் கணக்கு வந்தது. கைடுக்கு ரொம்பச் சந்தோஷம். கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பியாச்சு. அன்றைக்கு ராத்திரி எக்ஸெல்லைத் திறந்து வெறும் சிடி மதிப்புகளை (எத்தனையாவது சைக்கிளில் சிக்னல் தெரிகிறது என்ற எண், குறைந்தால் ஜீன் அதிகம்) பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. கொலாஜன் இரண்டு குழுவிலும் 25ஐ ஒட்டியே இருக்கிறது. மாறியிருப்பது, மாறாது என்று நம்பி ஒப்பிட எடுத்த ரெஃபரன்ஸ் ஜீனான ஜிஏபிடிஎச்தான். காயமில்லாத தோலில் 18.6, சாறு தடவாத காயத்தில் 16.5, தடவிய காயத்தில் 17.5. எல்லா சாம்பிளிலும் போட்டது அதே 500 நானோகிராம் ஆர்என்ஏ.

ஒரு சைக்கிள் வித்தியாசம் என்றால் இரண்டு மடங்கு. அப்படியென்றால் நான் பார்த்த அந்த இரண்டு மடங்கு கொலாஜனுடையதா, ஜிஏபிடிஎச்சுடையதா? கைடிடம் கேட்டேன். "எல்லாப் பேப்பரிலும் அதைத்தானம்மா போடுதாங்க" என்றார். வேறு ரெஃபரன்ஸ் ஜீன்களான பீட்டா ஆக்டின், 18எஸ் இரண்டுக்கும் ப்ரைமர் (அந்த ஜீனை மட்டும் பிடிக்கிற சின்ன டிஎன்ஏ துண்டு) ஃப்ரீசரில் இருக்கின்றன. ஒன்றுக்கு மாறிவிடலாமா? வேறு ப்ரைமர் வாங்குவதென்றால் என் ஸ்காலர்ஷிப் பணத்தில்தான் வாங்கணும். அதனால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை:

தாயி, வெறும் சிடிய எடுத்து வச்சுப் பாத்திய பாருங்க, அத நெறயப் பேரு செய்றதே இல்ல. நீங்க பயப்படுதது சரிதான். அந்த ரெண்டு மடங்கு முழுக்க ஜிஏபிடிஎச்சுலருந்து வந்ததுதான்.

ஆத்துல வெள்ளம் வந்தா குறுக்குத்துறை முருகன் கோயிலு எவ்வளவு முங்கிருக்குன்னுதான பாப்போம்? கோயிலு அசையாதுங்கற நம்பிக்கையிலதான் அந்தக் கணக்கே நிக்கி. கோயிலும் தண்ணியோட சேந்து மெதந்தா என்னத்த அளக்க?

ஜிஏபிடிஎச் சும்மா கெடக்க ஜீன் இல்ல, குளுக்கோஸ ஒடைக்க என்சைம். காயத்துல ரத்தக்கொழா அறுந்து ஆக்சிஜன் கொறையும்போது ஹிஃப்-1ங்கற புரதம் அத ஏத்திவிடும். போதாததுக்கு நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ்ங்கற வெள்ளணுக்கள் கூட்டமா வந்து எறங்குது, அதுக பொழப்பே கிளைக்காலிசிஸ்லதான், அதாவது குளுக்கோஸ ஒடைக்கதுலதான் ஓடுது. ஒங்க சாறு காயத்தக் கொஞ்சம் சீக்கிரம் ஆத்துதுன்னே வச்சுக்கிடுவோம். அப்பவும் ஜிஏபிடிஎச் எறங்கும், கொலாஜன் கூடுன மாதிரி தெரியும். மருந்து வேல செஞ்சாலும் ஒங்க எண்ணு தப்பாத்தான் இருக்கும். எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். நல்ல மருந்துக்கும் தப்பான சாட்சி சொல்லிப்போடும்.

பீட்டா ஆக்டினுக்குப் போவாதிய. காயம் மூடுததுல செல்லு நகந்து வாரதுக்குப் பெரிய பங்கு இருக்கு. நகருத செல்லு தன் எலும்புக்கூட்டையே பிரிச்சுக் கட்டுது, அதுல ஆக்டின் எப்படி சும்மா இருக்கும்? 18எஸ்ங்கறது ரைபோசோம் ஆர்என்ஏ, ரொம்ப அதிகமா கெடக்கும், சிடி பத்துக்குப் பக்கத்துலயே வந்துரும், 25ல நிக்கிற ஜீனுக்கு அது தோதான ஜோடி இல்ல. அதுக்குப் பாலி-ஏ வாலும் கெடையாது. நீங்க அந்த வாலப் பிடிக்கிற ஒலிகோ டிடி போட்டு சிடிஎன்ஏ செஞ்சிருந்தா அந்த எண்ண நம்பவே முடியாது. பி2எம்ங்கற ஜீனும் வேண்டாம், அழற்சியில சுரக்க இன்டர்ஃபெரான் பட்டா ஏறும்.

"அப்ப எதத்தான் போட"ன்னு கேப்பிய. நான் பேரு சொல்லமாட்டேன். எனக்கு நரம்புக் காயத்துல நின்ன ஜீன் ஒங்க தோலுல நிக்கும்னு சொல்ல முடியாது. எட்டு ஜீன் எடுங்க, ஒவ்வொண்ணும் வேற வேற வேல செய்யுறதா இருக்கட்டும்: ஹெச்பிஆர்டி1, டிபிபி, ஒய்டபிள்யூஹெச்ஏஇசட், எஸ்டிஹெச்ஏ, ஆர்பிஎல்13ஏ, கூடவே ஜிஏபிடிஎச், ஆக்டின், பி2எம். ஆகாதுன்னு சொன்ன மூணும் ஒப்பிட்டுப் பாக்க இருக்கட்டும், ஒங்க கைடுட்ட காட்டவும் ஒதவும். 11 சாம்பிள், 12வது கெணறு (பிளேட்டுல இருக்க குழி) வெறும் தண்ணி, நாலு ஜீன், ரெண்டு ரெண்டா போட்டா பிளேட்டோட 96 கெணறும் சரியா நெறஞ்சிரும். ரெண்டு பிளேட், அதாவது ரெண்டு பஸ் பயணம். ஒரு ஜீனோட எல்லா சாம்பிளும் ஒரே பிளேட்டுல இருக்கணும், அத மட்டும் பிரிச்சிராதிய.

பொறவு எந்த ஜீன் நிலையா நிக்குன்னு பாக்க ஜீநார்ம்ங்கற மென்பொருள்ல போடுங்க. 2002ல வந்தது. ரெண்டு ஜீனுக்கு இடையில விகிதம் மாறாம இருக்கான்னுதான் அது பாக்கும். அங்கனதான் ஒரு குழி இருக்கு: ரெண்டு ஜீன் கைகோத்து ஏறுனாலும் அது "நல்ல ஜோடி"ன்னு சொல்லிரும். அதான் வேற வேற வேல செய்யுற ஜீனா எடுக்கச் சொன்னேன். நார்ம்ஃபைண்டர்ங்கற இன்னொரு மென்பொருள் குழுவுக்குக் குழு எவ்வளவு மாறுதுன்னு தனியா பாக்கும், அதுலயும் போடுங்க. 11 சாம்பிள் அதுக்குக் கொறச்சல்தான், ஆனா மொதல்ல சலிச்செடுக்கப் போதும். மூணாவது ஜீனச் சேத்தா கணக்கு எவ்வளவு மாறுதுன்னு ஜீநார்ம் காட்டுத வி2/3 மதிப்பு 0.15க்குக் கீழ இருந்தா ரெண்டு ஜீனே போதும். அந்த ரெண்டோட பெருக்குச் சராசரியத்தான் வகுக்க எடுக்கணும்.

தென்காசிச் சாரல்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஜீனைக் குறை சொல்லும் முன் ஆர்என்ஏவைப் பாருங்கள். எலித் தோல் நார் மாதிரி, லேசில் அரையாது. காயத் திசுவோ குழைவாக இருக்கும். இரண்டிலிருந்தும் வரும் ஆர்என்ஏ ஒரே தரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தூய்மையைக் காட்டும் 260/280 அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் ஜெல்லில் 28எஸ், 18எஸ் பட்டைகள் உடையாமல் இருக்கின்றனவா பாருங்கள்.

இன்னொன்று. எலியின் ஜீனோமில் ஜிஏபிடிஎச்சுக்குப் போலி ஜீன்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் இன்ட்ரான் (ஆர்என்ஏவில் வெட்டி எறியப்படும் இடைத்துண்டு) இல்லாததால், இன்ட்ரானைத் தாண்டி ப்ரைமர் வடிவமைத்தாலும் ஆர்என்ஏவில் கலந்த டிஎன்ஏவிடமிருந்து தப்ப முடியாது. அந்த டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் போட்டீர்களா? ஆர்என்ஏவை சிடிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்டி) போடாத ஒரு கிணறு வைத்தீர்களா? நான் அதை வைக்காமல் எட்டு மாதம் இழந்தேன். புது ப்ரைமர் ஒவ்வொன்றுக்கும் நீர்த்தல் வரிசை ஓட்டிச் செயல்திறன் பாருங்கள். அந்த வரிசையின் கோட்டுச் சாய்வு −3.32 என்றால் செயல்திறன் 100 சதவீதம். 90க்கும் 110க்கும் நடுவில் இல்லாத ப்ரைமரை எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏற வேண்டாம்.

கல்லிடைக்காரி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். டிஎன்ஏஸ் போட்டிருந்தேன். ஆர்டி போடாத கிணறு இந்த முறை வைத்தேன், சுத்தமாக இருந்தது. காயமில்லாத தோலில் ஒரு சாம்பிளின் ஆர்என்ஏ உடைந்திருந்ததால் அதை மாற்றினேன்.

எட்டு ஜீனில் ஜிஏபிடிஎச் கடைசி, அதற்கு முன்னால் ஆக்டின். என் தோலில் நின்றவை ஹெச்பிஆர்டி1, ஒய்டபிள்யூஹெச்ஏஇசட். இரண்டு மென்பொருளும் இதையே சொல்கின்றன. வி2/3 0.11. அவற்றை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டால் கொலாஜனில் வித்தியாசமே இல்லை. கைடிடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். சுருக்கத்தைத் திரும்பப் பெறச் சொல்லி அவரே மெயில் எழுதினார். ஆச்சியின் தழை காயத்தை ஆற்றவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, காயம் மூடிய பரப்பளவு கணக்கில் வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. கொலாஜன் வழியாக இல்லை, அவ்வளவுதான்.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். 14ஆம் நாள் சாம்பிள்கள் இன்னும் −80ல் இருக்கின்றன. எட்டு ஜீனைச் சோதித்த பைலட்டில் 3ஆம் நாளும் 7ஆம் நாளும்தான் இருந்தன. அதே இரண்டு ஜீன் 14க்கும் செல்லுமா?

வண்ணாரப்பேட்டை:

செல்லும்னு எடுத்துக்கிடாதிய தாயி. 14ஆம் நாளு தழும்பு கட்டுத நேரம், உள்ள இருக்க செல்லே வேற. குழுவுக்கு மூணு சாம்பிள் எடுத்து இந்த ரெண்டையும் டிபிபியையும் ஓட்டுங்க, அரை பிளேட்டுதான் ஆவும். டிபிபி ப்ரைமர் தீந்திருந்தா என்ட்ட இருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க.