நாய்க்கு நீரடைப்பு, சிறுநீர்ப்பைக் கல்: உங்கள் அனுபவங்கள்

தக்கலை:
ஆறு வயது ஆண் நாய், ரப்பர் மரம் மரமாகக் காலைத் தூக்கி நின்றும் சொட்டுச் சொட்டாகவே போனது. முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்றெண்ணி ஒரு பகலை வீணாக்கினேன். இரவில் வாந்தி கண்ட பிறகே தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் செலுத்திய மெல்லிய குழாய் ஆண்குறி எலும்புக்குச் சற்றுப் பின்னால் தடைபட்டது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அசைத்தபோது, அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டி சுரண்டுவது போன்ற உரசல் விரலில் ஏறியது. உப்புநீரை அழுத்திச் செலுத்திக் கல்லைச் சிறுநீர்ப்பைக்கே பின்தள்ளி, பிறகு அறுவையில் எடுத்தார்கள்.

குளச்சல்:
எங்கள் பெண் நாய்க்கு அடைப்பே வரவில்லை; அதனால்தான் ஏமாந்தோம். சிறுநீரில் இரத்தம் கண்டால் மாத்திரை, நின்றதும் மறதி என மூன்று முறை கடந்த பின்னர், திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே படத்தில் புளியங்கொட்டை அளவில் இரண்டு வெள்ளைக் கற்கள் தெரிந்தன. கிருமி வளர்ப்புச் சோதனைக்காக, ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஊசியால் சிறுநீரை எடுத்தார்கள். நாய் அசையவில்லை, கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.

குலசேகரம்:
எங்கள் நாய்க்கு ஒருமுறை வந்து இரண்டே நாளில் தெளிந்தது. தக்கலை நண்பர் அறுவைக்கு அவசரப்பட்டுவிட்டார் என்பது என் கருத்து. வீட்டுக்கு வீடு வாழை நிற்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழைத்தண்டுச் சாற்றுக்கா பஞ்சம்? வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் புகட்டி, மரச்சீனிக் கிழங்கையும் மீன்குழம்புச் சோற்றையும் நிறுத்தி, தண்ணீர் நிறையக் கொடுத்தால் எந்தக் கல்லும் கரையும். மனிதருக்கு ஆவது நாய்க்கு ஏன் ஆகாது?

குளச்சல்:
வழி அடைத்துக்கொண்ட நாய்க்குப் புகட்டும் நீர் எங்கே போகும்? வெளியேறாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். அவர் அவசரப்படவில்லை, தாமதித்தார். அதை அவரே எழுதியிருக்கிறார். சிறுநீரின் காரத்தன்மையையும் கிருமியையும் வைத்து எங்கள் நாயின் கல்லை ஸ்ட்ருவைட் எனும் கரையக்கூடிய வகை என்று கணித்து, கிருமிக்கு மருந்தும் அதற்கென உள்ள உணவும் கொடுத்து, இரண்டரை மாதத்தில் கரைத்தார்கள். கால்சியம் ஆக்சலேட் என்ற இன்னொரு வகைக் கல்லை எந்த உணவும் கரைக்காது.

தக்கலை:
ஆய்வுக்கு அனுப்பியதில் எங்களுடையது அந்தக் கால்சியம் ஆக்சலேட்தான் என்று வந்தது. மீந்த ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். மிளகைவிடச் சிறியது, சுற்றிலும் நெருஞ்சியைப் போல முள்.