குங்குமப்பூ: போன வருடம் 17 பூ, இந்த வருடம் வெறும் புல். எங்கே தப்பு?

கௌரி (ரெடிங், இங்கிலாந்து)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், முதல் முறையாக ஒரு கேள்வியோடு வருகிறேன்.

போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் குங்குமப்பூக் கிழங்கு 25 தபாலில் வரவழைத்தேன். 15 கிழங்கைப் பின்பக்கப் புல்தரை ஓரமாக நட்டேன், மிச்சம் 10 ஒரு பெரிய தொட்டியில். எனக்கே பெரிய நம்பிக்கை இல்லை. அக்டோபர் நடுவில் ஒரு காலை டீ போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், பென்சில் முனை மாதிரி வெள்ளையாக ஏதோ மண்ணைக் குத்திக்கொண்டு நிற்கிறது. மறுநாள் அதன் நுனியில் ஊதா, அதற்கும் மறுநாள் பூ. இரண்டு வாரத்தில் மொத்தம் 17 பூ, பூவுக்கு மூன்று சிவப்பு நார், ஆக 51 நார். அதில் பாதியைச் சரியாகக் காயவிடாமல் டப்பாவில் அடைத்துப் பூஞ்சை பிடிக்க வைத்தது தனிக் கதை.

இந்த வருடம் நவம்பர் பிறந்துவிட்டது. கிழங்கு எதுவும் அழுகவில்லை. எல்லா இடத்திலும் இலை வந்திருக்கிறது, சொல்லப்போனால் போன வருடத்தைவிட அடர்த்தியாக. ஆனால் பூ மட்டும் தொட்டியில் இரண்டே இரண்டு, தரையில் ஒன்றுகூட இல்லை. இடையில் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வேறு, தங்கச்சி மாசமாக இருக்கிறாள், உன் தோட்டத்துப் பூவைக் கொண்டு வா, பாலில் போட்டுக் கொடுக்கலாம், பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று தினமும் போன். பிள்ளை நிறத்துக்கும் பூவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதை விடுங்கள். பூ ஏன் வரவில்லை?

கோவை_மாடித்தோட்டம்

இலை நிறைய, பூ இல்லை என்றால் தழைச்சத்து அதிகம் என்று அர்த்தம் சகோ. கத்தரி, மல்லி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். யூரியா, புது மாட்டுச் சாணம் எதுவும் போட்டிருந்தால் நிறுத்துங்கள், எலும்புத் தூளும் சாம்பலும் கொஞ்சம் போடுங்கள், அடுத்த மாதமே பூக்கும்.

அப்புறம் எனக்கும் ஒரு சந்தேகம். நம் ஊரில் ஏசி அறையில் மண்ணே இல்லாமல் தட்டில் வைத்துப் பூக்க வைக்கிறார்களாமே, வீடியோ வீடியோவாக வருகிறது. கோவையில் செய்தால் கட்டுப்படியாகுமா?

சூரிச்_வாசி

கௌரி அக்கா, உரம் போட முதல் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ. மார்ச், ஏப்ரலில் அந்த இலைகளுக்கு என்ன நடந்தது? கோடையில் தொட்டிக்குத் தண்ணீர் விட்டீர்களா? வாங்கின கிழங்கு என்ன பருமன்?

கோவை அண்ணா சொன்னதில் எலும்புத் தூள் பிழையில்லை, ஆனால் அடுத்த மாதம் பூக்கும் என்பது நடக்காது. இது மல்லிகை இல்லை. இந்த வருடப் பூவின் கதை போன மாசியிலேயே தொடங்கிக் கோடையிலேயே முடிந்துவிட்டது.

கௌரி (ரெடிங், இங்கிலாந்து)

ஐயோ. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் கடைசியில் வீட்டுக்காரர் புல் வெட்டும் மெஷினை வெளியே எடுத்தார். குங்குமப்பூ இலையும் புல்லும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியுமா. ஒரே இழுப்பில் போயிற்று. பூத்து முடிந்த செடிதானே என்று நானும் பெரிதாகச் சண்டை போடவில்லை. தொட்டியில் இலை மே மாதம் வரை இருந்து தானாகப் பழுத்துக் காய்ந்தது. காலித் தொட்டியாக நிற்கிறதே என்று அதன் மேலேயே பெட்டூனியா நட்டு, ஆகஸ்ட் வரை தினமும் தண்ணீர் ஊற்றினேன்.

கிழங்கு என்ன அளவு என்று ஞாபகம் இல்லை. பெரிய பூண்டுப் பல்லைவிடக் கொஞ்சம் பெரிது.

சூரிச்_வாசி

விளங்கிவிட்டது. தரையில் ஒரு பிழை, தொட்டியில் வேறு பிழை.

இந்தக் கிழங்கு உருளைக்கிழங்கு போல அப்படியே வருடாவருடம் இருப்பதில்லை. நட்ட தாய்க்கிழங்கு பூவையும் இலையையும் கொடுத்துவிட்டுச் சுருங்கிச் செத்துப் போகும். அதன் தலையில் புதுப் பிள்ளைக் கிழங்குகள் உருவாகும். அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு போடுவது குளிர்காலம் முழுக்க நிற்கிற அந்தப் புல் போன்ற இலைதான். தை, மாசி, பங்குனி வெயில் எல்லாம் இலை வழியாக இறங்கிக் கிழங்கில் சேரும். மார்ச்சில் வெட்டினால் பிள்ளைகள் பட்டினி. நீங்கள் சொன்னீர்களே, இலை போன வருடத்தைவிட அடர்த்தி என்று, அதுதான் சாட்சி. ஒரு தாய்க்கு நாலைந்து பிள்ளை வந்திருக்கு, எல்லாம் நோஞ்சான். எட்டுப் பத்து கிராமாவது இல்லாத கிழங்கு அநேகமாக இலை மட்டும்தான் விடும்.

தொட்டியில் பிள்ளைகள் ஓரளவு வளர்ந்திருக்கும், ஆனால் கோடையைக் கெடுத்துவிட்டீர்கள். இலை காய்ந்த பிறகு கிழங்கு நித்திரை கொள்ளுகிறது என்று எல்லோரும் சொல்லுவார்கள், வெளியே பார்த்தால் அப்படித்தான். உள்ளே அப்போதுதான் பூ மொட்டு உருவாகிறது. அதற்கு 23 முதல் 27 பாகை வரை சூடு வேண்டும், மண் காய்ந்து கிடக்க வேண்டும். பிறகு இலையுதிர் காலத்தில் 17 பாகைக்குக் கிட்ட இறங்கினால் பூ மேலே வரும். பெட்டூனியாவுக்கு விட்ட தண்ணீர் தொட்டியைக் குளிர வைத்திருக்கும். அழுகாமல் தப்பினதே பெரிய காரியம்.

இன்னொன்று, மனம் நோகாதீர்கள் அக்கா. போன வருடம் பூத்த 17-உம் உங்களுடைய பூ இல்லை. கிழங்கு விற்றவன் அதற்கு முந்தின வருடம் வளர்த்த பூ. எனக்கும் முதல் வருடம் 40 பூ வந்து, இரண்டாம் வருடம் ஆறு வந்தது. மூன்றாம் வருடம்தான் நான் செய்தது என்று சொல்லக்கூடியதாக ஏதாவது வந்தது.

இங்கே வாலிஸ் மாநிலத்தில் முண்ட் என்று ஒரு மலைக் கிராமம், சுமார் 1,200 மீட்டர் உயரம். அங்கே கம்பு போன்ற றை தானியத்தையும் குங்குமப்பூவையும் ஒரே வயலில் போடுகிறார்கள். போய்ப் பார்த்தேன். சரிவான நிலம், தண்ணீர் ஒரு நிமிடம் நிற்காது, தெற்கு வெயில். உங்கள் ரெடிங் களிமண்ணில் அது கிடைக்காது, மணலும் சின்னச் சரளையும் கலந்து மண்ணை உயர்த்திக் கட்டுங்கோ.

லெஸ்டர்_மாலா

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் மரத்தடியில் இதே மாதிரி இளம் ஊதாப் பூ கூட்டம் கூட்டமாகக் கிடக்கிறது, இலையே இல்லை, பூ மட்டும். செப்டம்பரிலிருந்தே பார்க்கிறேன். யாரும் பறிப்பதில்லை. நார் எடுத்துக் காய வைக்கலாமா?

சூரிச்_வாசி

வேண்டாம்! தொடவே வேண்டாம். நீங்கள் சொல்லுவது கொல்சிக்கம் போலக் கிடக்கு. குங்குமப்பூவுக்கு அண்ணன் தம்பி மாதிரித் தெரியும், உண்மையில் வேறு குடும்பம், கடும் நஞ்சு. அதில் இருப்பதும் நம் கார்த்திகைப் பூவில் இருப்பதும் ஒரே நஞ்சுதான், கொல்சிசின். ஊரில் அந்தக் கிழங்கைத் தின்று செத்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பூவுக்குள்ளே வடிவாகப் பாருங்கோ. மகரந்தத் தாள் மூன்று இருந்தால் குங்குமப்பூவின் இனமான குரோக்கஸ் வகை, ஆறு இருந்தால் கொல்சிக்கம். மூன்று இருந்தாலும் உடனே சமையலுக்கு எடுக்க வேண்டாம், இலையுதிர் காலத்தில் பூக்கிற வேறு குரோக்கஸ்களும் உண்டு. பெயர் போட்டு வாங்கி நீங்களே நட்ட கிழங்கின் பூவை மட்டும் சாப்பிடுங்கோ.

கோவை_மாடித்தோட்டம்

கார்த்திகைப் பூ என்றால் செங்காந்தள்தானே? எங்கள் பக்கம் கண்வலிக் கிழங்கு என்போம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பந்தல் போட்டு ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்கள். அந்த நஞ்சும் இதுவும் ஒன்று என்பது எனக்குப் புதுச் செய்தி.

என் ஏசி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

பழைய_ஸ்ரீநகர்வாசி

நான் சொல்கிறேன். வேலை நிமித்தம் ஸ்ரீநகரில் ஐந்து வருடம் குடும்பத்தோடு இருந்தேன், இப்போது திருச்சியில்.

ஏசி அறையில் பூக்கும், அதில் பொய் இல்லை. மேலே நண்பர் சொன்ன மாதிரி பூ கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. அப்படித் தயாரான பெரிய கிழங்கைக் காஷ்மீரிலிருந்து வாங்கி வந்து தட்டில் அடுக்கி, குளிரும் ஈரப்பதமும் கொடுத்தால் மண்ணே இல்லாமல் பூத்துவிடும். வீடியோ அந்த இடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்தக் கிழங்கை மண்ணில் நட்டு ஏப்ரல் வரை குளிர்ச்சியான வெயிலில் இலை வளர்த்தால்தான் அடுத்த வருடக் கிழங்கு தேறும். கோவையில் மார்ச்சில் இருக்கிற வெயிலுக்கு இலை சீக்கிரமே காய்ந்து போகும். அப்படியானால் வருடாவருடம் கிழங்கு வாங்க வேண்டும், அல்லது வசந்தம் வரை ஏசி ஓட வேண்டும். இந்தச் செடி விதையும் விடாது, மலட்டுச் செடி, கிழங்கை விட்டால் வேறு வழி இல்லை. ஆசைக்கு 20 கிழங்கு வாங்கிப் பார்க்கலாம். வியாபாரம் என்று இறங்கினால் கிழங்கு விற்பவருக்குத்தான் லாபம். ஊட்டியில் குளிர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கிழங்கு காய்ந்து கிடக்க வேண்டிய ஜூன், ஜூலையில்தான் அங்கே மழை கொட்டுகிறது.

கௌரிக்கு ஒன்று. 51 நார் என்று வருத்தப்படாதீர்கள். ஒரு கிராம் காய்ந்த நாருக்கே சுமார் 150 பூ வேண்டும். ஸ்ரீநகர் பக்கத்துப் பாம்பூரில் அக்டோபர் கடைசியில் போய்ப் பார்த்தால் புரியும். விடிந்தும் விடியாமலும் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் குனிந்து பூ பறிப்பார்கள், வெயில் ஏறிப் பூ முழுக்க விரிவதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் வாடிவிடும். வீட்டு நடுவில் ஊதா மலை மாதிரி பூவைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து நார் பிரிப்பார்கள். எங்கள் வீட்டு உரிமையாளர் அம்மா பூவை இடக்கையில் பிடித்து, வலக்கைக் கட்டைவிரல் நகத்தால் அடியில் ஒரு கிள்ளு, மூன்று நாரும் ஒன்றாக வந்துவிடும். நான் செய்தால் ஒன்று அறும், ஒன்று மகரந்தத்தோடு வரும். சிவப்பு நுனி மட்டும் தனியாக எடுத்தால் மோங்ரா, அடியில் மஞ்சள் காம்போடு சேர்த்துக் காய வைத்தால் லச்சா. கடையில் கேட்டு வாங்கும்போது இந்த இரண்டு பெயரும் உதவும். காஷ்மீர் பூவுக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூஞ்சைக்கு வருவோம். பச்சை நாரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். ஓவனில் 50, 60 டிகிரிக்குள் வைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். விரலால் நசுக்கினால் வளையாமல் உடைய வேண்டும், அதுதான் பதம். வாசனை வரவில்லையே என்று பயப்படாதீர்கள். பச்சையில் அந்த மணம் அவ்வளவாக இருக்காது, காயும்போதுதான் உண்டாகிறது. இருட்டான கண்ணாடிக் குப்பியில் மூடி ஒரு மாதம் விட்டுத் திறந்து பாருங்கள்.

கௌரி (ரெடிங், இங்கிலாந்து)

எல்லோருக்கும் நன்றி. படித்து முடித்ததும் ஆர்வம் தாங்காமல் தரையில் ஒரு கொத்தைத் தோண்டிப் பார்த்தேன். சூரிச் தம்பி சொன்னது அப்படியே. ஒரு பழைய கிழங்கின் இடத்தில் ஐந்து குட்டி, எல்லாம் சுண்டைக்காய் சைஸ். சமையல் தராசில் வைத்தேன், பெரியது 4 கிராம், மற்றது ஒன்றும் இரண்டும். போன வருடம் நான் 12 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டதாக எழுதி வைத்திருக்கிறேன், இவை 9-லேயே கிடைத்தன. தானாக மேலே ஏறி வருமா?

வீட்டுக்காரரிடம் தராசைக் காட்டினேன். "இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும், புல் மாதிரி இருந்தால் புல்தானே" என்கிறார். நாளை நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டப் போகிறேன். மிச்சத்தையும் இப்போதே தோண்டி மண் மாற்றவா?

சூரிச்_வாசி

இப்போது தோண்ட வேண்டாம் அக்கா, வேர் ஓடுகிற நேரம். எடுத்த கொத்தையும் இன்றைக்கே திரும்ப நட்டு ஒருக்கால் தண்ணீர் விடுங்கோ. ஓம், பிள்ளை தாயின் தலையில் உட்காருவதால் வருடாவருடம் கொஞ்சம் மேலே வரும். அதனால்தான் மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரித்து ஆழமாக நடுகிறது. நீங்கள் அடுத்த ஜூனில், இலை முழுக்கக் காய்ந்த பிறகு எடுங்கோ. நல்லதைத் தெற்கு வெயில் படுகிற சுவர் ஓரத்தில், சின்னதுகளைத் தனியாக ஒரு பாத்தியில். தொட்டியை மே மாதத்துக்குப் பிறகு மழை படாத கூரைக்குக் கீழே இழுத்து வையுங்கோ, செப்டம்பர் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம்.

கயிறு கட்டுவது கணவருக்குச் சரி. அணிலுக்குக் கோழிக்கூட்டு வலை வேண்டும். புதிதாகக் கிண்டின மண் என்றால் அதுக்கு மூக்கில் வேர்க்கும். வலையின் ஓரத்தையும் ஒரு சாண் மண்ணுக்குள்ளே மடித்து விடுங்கோ, எனக்குப் பக்கவாட்டாலே வந்து எட்டுக் கிழங்கு கொண்டு போனது.