பிள்ளைக்குப் பயங்காட்டக் கதை கட்டிய அனுபவம் உண்டா?

என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. கேட் திறந்திருந்தால் போதும், தெருவுக்கு ஓடிவிடுவான். தண்ணி லாரி வந்து போகிற தெரு. திட்டியும் பார்த்தோம், மிட்டாய் கொடுத்தும் பார்த்தோம். சரி, கதையில் மிரட்டலாம் என்று ஒரு ராத்திரி சாக்குக்காரனைக் கொண்டுவந்தேன். தலையில் முண்டாசு, தோளில் சாக்கு. தனியாகத் தெருவுக்கு வரும் பிள்ளையைச் சாக்கில் போட்டுக் கட்டித் தூக்கிப் போவான். உள்ளேயிருந்து "அம்மா... அம்மா" என்ற சத்தம் தேய்ந்துகொண்டே போகும். அந்த இடத்தில் குரலை இறக்கி இறக்கிச் சொன்னேன். எனக்கே பெருமை.

மறுநாளிலிருந்து கேட் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். முண்டாசு, தோளில் சாக்கு. இவன் கைக்குழந்தையாக இருந்தபோதே கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகிறவர். பையன் அலறிய அலறலில் எதிர்வீட்டு மாமி வெளியே வந்துவிட்டார். "தாத்தாவைத் தெரியலையாடா?" என்று அவர் கிட்டே வர வர, இவன் என் காலைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறான். அவர் தராசை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றார். "நீங்களே கட்டி எடுத்துட்டு வாங்க சார்." எடை போட்டு முடிக்கும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சாக்கு எனக்கும் சின்ன வயதில் யாரோ கொடுத்ததுதான். பூச்சாண்டியைக்கூட, உடம்பெல்லாம் திருநீறு பூசிப் பிச்சைக்கு வந்த ஆண்டி என்று பெயரைப் பிரித்துச் சொல்வார்கள். குடுகுடுப்பைக்காரரையாவது விட்டோமா? 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். எல்லாம் வாட்ஸ்அப் வதந்தியால் வந்தது என்று பேசித் திரிந்தவன்தான் நானும்.

சாக்குக்காரனை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு, லாரிச் சக்கரத்தில் ஒரு பேயைக் குடிவைத்தேன். வண்டிக்கு முன்னால் சின்னப் பிள்ளை தனியாக வந்தால், டிரைவர் மாமாவின் கண்ணை அது பொத்திவிடும். "அப்பா கையைப் பிடிச்சிருந்தா?" என்றான். அப்பா உயரம், பேயின் கை அவ்வளவு தூரம் எட்டாது என்றேன். இதில் பேயைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். வண்டியை ஒட்டி முன்னால் நிற்கிற குட்டிப் பிள்ளை லாரி டிரைவருக்குத் தெரியாது.

*

மேலே சாக்குக்காரனைப் படித்ததும் எங்கள் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக ஆச்சி சொன்ன கதை: கிணற்றுக்குள் ஒருத்தி இருக்கிறாள். நீ கூப்பிட்டால் உன் குரலிலேயே உன்னைத் திருப்பிக் கூப்பிடுவாள். மூன்றாம் தடவை பதில் சொன்னால் நீ அவளுடைய பிள்ளை.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பத்தடி தள்ளி நிறுத்தி, "கூப்பிடு பாப்போம்" என்றார். கூப்பிட்டேன். அவள் கூப்பிட்டாள். எந்தப் பேய்க்கதைக்கு இப்படிக் கையோடு சாட்சி கிடைக்கும்!

ஆனால் அதே கிணற்றில்தான் என் அண்ணன்மார் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினார்கள். நான் இன்றுவரை பழகவில்லை. கழுத்தளவு தண்ணீர் என்றாலே காது அடைத்துக்கொள்ளும்.

என் மகளுக்கும் அந்தக் கதையைச் சொன்னேன். ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: முதுகில் குடுக்கை கட்டிக்கொண்டு, பெரியவர்களோடு இறங்கும் பிள்ளையிடம் அவள் வாயே திறக்க மாட்டாள். போன மாதம் நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டோம். முதல் நாள் குளத்தைப் பார்த்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, இங்க அவ குடிவரலையா?"